‘க்யூர்’: ஒரு சிறு சொல்லும் அதன் பல பொருள்களும்

ஆங்கில மொழியில் எழுத்துக் குறைந்த சொற்களே பொருள் மிகுந்த சொற்களாக இருத்தலைப் பலரும் கண்டிருப்பர். நீண்ட கலைச்சொல்லொன்று ஒரே பொருளைச் சுட்டி நிற்கும். அதன் பொருளை அறியாதவர் அகராதியை நாடுவர். நாடியதும் ஐயம் தீரும். சிறு சொல்லின் நிலை அத்தகையதன்று. அது எல்லோர்க்கும் தெரிந்த சொல்லாகையால் அகராதியை எவரும் புரட்டுவதில்லை. தெரிந்த பொருளையே தெரியாத இடத்திலும் பொருத்திப் படித்துவிடுகின்றனர். தொழில் அறிவையும் சுகாதார அறிவையும் மக்களிடம் கொண்டுசெல்லும் பணியில் ஏற்படும் பிழைகளுள் கணிசமானவை இவ்வகையில் தோன்றுவனவே.

‘க்யூர்’ என்பது அத்தகைய ஒரு சொல். நோயைக் குணப்படுத்துதல் என்னும் பொருளையே பள்ளி மாணவர் முதலில் கற்கின்றனர். ஆனால் தோல், மீன், புகையிலை, வெங்காயம், மஞ்சள், காங்கிரீட், ரப்பர், பிசின் ஆகிய யாவும் ஆங்கில நூல்களில் ‘க்யூர்’ செய்யப்படுகின்றன. இவற்றுள் எதற்கும் நோய் இல்லை. செய்யப்படும் செயலும் ஒன்றன்று. ஓரிடத்தில் நீரை அகற்றுதல், மற்றோரிடத்தில் நீரை அகலவிடாது காத்தல் என முற்றிலும் மாறுபட்ட செயல்களை இச்சொல் குறிக்கிறது.

இவ்வேறுபாடுகளை விளக்குதற்கு மும்பை மாநகரம் ஏற்ற இடமாகும். தாராவி, மாதுங்கா, செம்பூர் என்னும் மூன்று பகுதிகளும் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளவை. மூன்றிலும் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். இச்சொல்லின் ஏறத்தாழ எல்லாப் பொருள்களுக்கும் இப்பகுதிகளிலோ இவற்றின் அண்டையிலோ எடுத்துக்காட்டுக் கிடைக்கின்றது.

சொல்லின் தோற்றம்

இலத்தீன் மொழியில் ‘கூரா’ என்னும் சொல்லுக்குக் கவனிப்பு, பேணுதல், கவலை என்பன பொருள்கள். அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் அது ஒருவரையோ ஒன்றையோ பொறுப்பேற்றுப் பேணுதலையே குறித்தது. கிறித்துவத் திருச்சபையில் ஒரு வட்டாரத்து மக்களின் ஆன்ம நலத்தைப் பேணும் பொறுப்புக்கும் இச்சொல்லே வழங்கியது. பொருட்காட்சிச் சாலையைப் பேணுபவருக்கு வழங்கும் ‘க்யூரேட்டர்’ என்னும் பெயரும் இவ்வேரினின்று தோன்றியதே. கவலையற்ற நிலை என்னும் பொருளிலிருந்து ‘செக்யூர்’ என்பதும், கவனத்துடன் செய்யப்பட்டது என்னும் பொருளிலிருந்து ‘அக்யூரேட்’ என்பதும் பிறந்தன. கதிரியக்கத்தின் பழைய அளவையான ‘க்யூரி’ இவ்வரிசையில் சேர்வதன்று. அது ஆராய்ச்சியாளரின் குடும்பப் பெயரால் அமைந்தது. செம்பூரை அடுத்துள்ள டிராம்பேயின் அணு ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றிப் படிக்கும் மாணவர் இவ்விரு சொற்களையும் ஒன்றெனக் கருதிவிடாதிருத்தல் நலம்.

பேணுதல் என்னும் மூலப் பொருளிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. உடலைப் பேணி நோயை நீக்குதல் ஒரு கிளை. பொருளைப் பேணிக் கெடாமல் வைத்தல் மற்றொரு கிளை. இரண்டாம் கிளையிலிருந்து, ஒரு பொருளை உரிய காலம் வரை உரிய சூழலில் வைத்து அதன் இறுதி நிலையை அடையச் செய்தல் என்னும் புதுப் பொருள் தோன்றியது. தொழில்துறைப் பொருள்களுட் பெரும்பாலானவை இதனைச் சார்ந்தவை.

உப்பிட்ட தோலும் பதனிட்ட தோலும்

தாராவியில் தோல் தொழில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. பாந்திராவில் இருந்த ஆட்டிறைச்சிக் கூடமும், மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலமும் அதற்கு வாய்ப்பாக அமைந்தன. திருநெல்வேலிப் பகுதியினின்றும் தமிழகத்தின் பிற பகுதிகளினின்றும் வந்தோர் இத்தொழிலில் பெருந்தொகையாக ஈடுபட்டனர். 1971இல் இறைச்சிக் கூடம் செம்பூருக்கு அப்பாலுள்ள தேவனாருக்கு மாற்றப்பட்டது. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் படிப்படியாகத் தாராவியை விட்டு நீங்கின. தோற்பைகள், கச்சைகள் முதலியன செய்யும் தொழில் அங்கு நிலைத்து நின்றது. தேவனாரிலிருந்து வந்த ஆட்டுத் தோல்கள் தாராவிக் கிடங்குகளில் உப்பிடப்பட்டுச் சென்னை முதலிய இடங்களுக்குப் பதனிடுவதற்காக அனுப்பப்பட்டு வந்தன.

ஆங்கிலத்தில் ‘க்யூரிங்’ என்பது கிடங்கில் நிகழும் உப்பிடுதலை மட்டுமே குறிக்கும். தொழிற்சாலையில் நிகழ்வது ‘டானிங்’ எனப்படும். தமிழில் இரண்டையும் பதப்படுத்துதல் என்றே எழுதிவிடும் வழக்கம் உண்டு. இதனால் விளையும் குழப்பம் சிறிதன்று.

உரித்த தோலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீராகும். வெப்ப நாட்டில் சில மணி நேரத்திற்குள் நுண்ணுயிர்கள் அதில் பெருகி அழுகலைத் தொடங்கிவிடும். ஆகையால் தோலின் எடையில் 40 முதல் 50 சதவீதம் வரை உப்பினைச் சதைப்புறத்தில் தேய்த்து அடுக்கி வைக்கின்றனர். உப்பு தோலினுள் ஊடுருவி நீரை வெளியே இழுக்கின்றது. எஞ்சிய நீரும் செறிந்த உப்பு நீராகி நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. எனினும் தோலின் இயல்பு மாறுவதில்லை. நீரில் ஊறவைத்தால் உப்பு வெளியேறித் தோல் பழைய நிலையை அடைந்து மீண்டும் அழுகும். இது தற்காலிகப் பாதுகாப்பே. உப்பை விரும்பி வாழும் சில நுண்ணுயிர்கள் உப்பிட்ட தோலிலும் செந்நிறப் படலமாய்ப் படர்ந்து சேதம் விளைவிப்பதுண்டு.

பதனிடுதல் இதனினும் வேறானது. ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய் முதலியவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்களோ, குரோமிய உப்புகளோ தோலின் புரத இழைகளுடன் இணைந்து அவற்றைப் பிணைக்கின்றன. அதன் பின்னர் அது தோல் என்னும் நிலை நீங்கி அழுகாத புதுப்பொருளாகிறது. பச்சைத் தோல் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை வெப்பமுள்ள நீரிலேயே சுருங்கிவிடும். நன்கு குரோமியமிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். இச்சோதனையே இரண்டிற்குமுள்ள வேறுபாட்டை எளிதிற் காட்டப் போதுமானது.

இவ்வேறுபாட்டைக் களப்பணியாளர் தெளிவுற அறிந்திருத்தல் நீரைக் காப்பதற்கும் இன்றியமையாதது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் என்றவுடன் குரோமியமே பலர்க்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் உப்பிட்ட தோலை முதலில் ஊறவைக்கும் நீரில் வெளியேறும் சாதாரண உப்பு, வழக்கமான சுத்திகரிப்பு முறைகளால் நீங்குவதில்லை. வேலூர் மாவட்டத்தில் பாலாற்றுப் படுகையின் கிணறுகளும் வயல்களும் கெட்டதற்குத் தோல் கழிவுநீர் காரணமாயிருந்ததை உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பில் விரிவாக ஆராய்ந்தது. அக்கேட்டில் ஒரு பங்கு ‘க்யூரிங்’ உப்பினைச் சார்ந்தது. குறைந்த உப்புடன் தோலைக் காக்கும் வழிகளைச் சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்து வந்துள்ளமைக்கு இதுவே காரணம்.

மீனும் இறைச்சியும்

தோலுக்குக் கூறிய விதியே மீனுக்கும் பொருந்தும். தாராவியின் பழங்குடியினர் கோலி மீனவராவர். கோலிவாடா என்னும் பகுதி இன்றும் அங்குள்ளது. மும்பைக் கடற்கரையில் பம்பில் மீனைக் கம்பங்களுக்கிடையே கட்டிய கயிறுகளில் தொங்கவிட்டு வெயிலில் உலர்த்துவர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் உப்பிட்டும் உலர்த்தியும் கருவாடு செய்வர். ஆங்கிலத்தில் இவையெல்லாம் ‘க்யூரிங்’ என்னும் ஒரு சொல்லுள் அடங்கும். மேனாடுகளில் இறைச்சியை ‘க்யூர்’ செய்யும்போது உப்புடன் சிறிதளவு நைட்ரைட்டும் சேர்ப்பர். அது இறைச்சிக்கு இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுப்பதுடன் கொடிய நச்சினை உண்டாக்கும் ஒரு நுண்ணுயிரையும் தடுக்கிறது. அளவு மீறினால் நைட்ரைட்டே நஞ்சாகும். ஆகையால் ‘க்யூரிங் உப்பு’ என்று அச்சிட்ட பொட்டலத்தைச் சமையல் உப்பென எண்ணிப் பயன்படுத்துதல் ஆபத்தானது. சொல்லின் பொருளை அறியாமை இங்கு உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும்.

விளைபொருள்களில்

வேளாண்மைத் துறையில் இச்சொல் மேலும் வேறுபடுகின்றது. மாதுங்கா அங்காடியில் தென்னாட்டுக் காய்கறிகளை வாங்குவோர் ஒரே கடையில் வெங்காயம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மஞ்சள் ஆகிய மூன்றையும் காண்பர். மூன்றுமே அறுவடைக்குப்பின் ‘க்யூர்’ செய்யப்படுவன. ஆனால் மூன்றும் மூன்று வகை.

வெங்காயத்திற்கு உலர்ச்சி தேவை. பிடுங்கிய வெங்காயத்தை வரிசையாக இட்டு, அதன் தாளாலேயே அடுத்த வரிசையின் காய்களை மூடி, சில நாட்கள் வயலிலோ நிழலிலோ விடுகின்றனர். கழுத்துப்பகுதி சுருங்கி இறுகுகிறது. வெளித்தோல் காய்ந்து காப்பாகிறது. கழுத்து இறுகாத வெங்காயத்தில் அழுகல் நோய்க்குரிய காளான் எளிதில் நுழையும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கிற்கு இதற்கு நேர்மாறாக ஈரக்காற்றுத் தேவை. அகழும்போது ஏற்பட்ட கீறல்கள் மூடவேண்டுமாயின், ஏறத்தாழ 29 முதல் 32 பாகை வெப்பமும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள இடத்தில் 4 முதல் 7 நாட்கள் வைத்தல் வேண்டும். அச்சூழலில் காயத்தின் கீழுள்ள அணுக்கள் பெருகித் தக்கை போன்ற புதுத்தோலை உண்டாக்குகின்றன. இது உண்மையில் காயம் ஆறுதலே. மருத்துவப் பொருளுக்கு மிக அண்மையில் நிற்பது. உருளைக்கிழங்கும் சற்றுக் குறைந்த வெப்பத்தில் இவ்வாறே ஆறுகின்றது.

மஞ்சளிலோ ‘க்யூரிங்’ என்பது வேகவைத்தலாகும். கிழங்கை நீரில் ஏறத்தாழ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை அவித்து, பின்னர் 10 முதல் 15 நாட்கள் வெயிலில் உலர்த்துவர். அவித்தலால் கிழங்கின் முளைக்கும் ஆற்றல் அழிகிறது, மாவுப்பொருள் கூழாகி நிறம் சீராகப் பரவுகிறது, உலர்தலும் விரைவாகிறது. ஈரோட்டுப் பகுதி உழவர்க்கு இது நன்கு பழகிய செயல். புகையிலையில் வேறொரு முறை: இலை உடனே காய்ந்துவிடாமல், முதலில் பசுமை நீங்கி மஞ்சளாகும் வரை உயிருடன் இருந்து தன் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ள வேண்டும், அதன் பின்னரே வெப்பத்தை உயர்த்தி உலர்த்துவர்.

ஒரு சிற்றூரில் வெங்காயத்திற்குக் கூறிய முறையைச் சர்க்கரைவள்ளிக்குக் கையாண்டால் கிழங்கு வாடும். சர்க்கரைவள்ளிக்குரிய முறையை வெங்காயத்திற்குக் கையாண்டால் காய் அழுகும். ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தில் இரண்டிற்கும் ஒரே சொல் இருப்பதால், அதனைத் தமிழாக்குபவர் செயலை அறிந்தே சொல்லைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஒரு பருவத்து உழைப்பின் பயன் அச்சொல்லைப் பொறுத்திருக்கின்றது.

காங்கிரீட்டும் ஈரமும்

செம்பூரில் புதுக் கட்டடங்கள் எழும் தெருவொன்றில் செல்பவர், அச்சு நீக்கிய தூண்களைச் சுற்றி நனைந்த கோணிப்பைகள் கட்டப்பட்டிருத்தலையும், தளத்தின்மேல் சிறு வரப்புகள் எழுப்பி நீர் தேக்கப்பட்டிருத்தலையும் காணலாம். இதுவும் ‘க்யூரிங்’ தான். கொத்தனார்கள் ‘க்யூரிங்’ என்ற சொல்லையே வழங்குவதுடன், ‘தண்ணீர் விடுதல்’, ‘நனைத்தல்’ என்றும் கூறுவர்.

காங்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்பது பரவலான தவறான எண்ணம். களிமண் காய்ந்து இறுகும், சிமெண்டு அவ்வாறன்று. சிமெண்டுத் துகள்கள் நீருடன் இரசாயன முறையில் இணைந்து புதிய படிகங்களையும் கூழ் போன்ற ஒரு பொருளையும் உண்டாக்குகின்றன. அவையே மணலையும் சல்லியையும் பிணைக்கின்றன. இவ்விணைவுக்கு மட்டும் சிமெண்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நீர் வேண்டும். இவ்வினை முதல் சில நாட்களில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது. இடையில் நீர் ஆவியாகிவிட்டால் வினை நின்றுவிடும். பார்வைக்கு இறுகியதாகத் தோன்றும் தூண் உள்ளே வலுவற்றதாகவும் நுண்துளைகள் மிகுந்ததாகவும் இருக்கும்.

இந்தியத் தர நிர்ணயம் 456 (2000) சாதாரண சிமெண்டு காங்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டாயின் குறைந்தது 10 நாட்களும் தொடர்ந்து ஈரமாக வைத்தல் வேண்டும் என விதிக்கின்றது. வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடங்களில் எச்சிமெண்டாயினும் 10 நாட்களுக்குக் குறைதல் கூடாது. மும்பை போன்ற கடற்கரை நகரத்தில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நுண்துளைகள் வழியாக உப்புக் காற்றின் குளோரைடு உட்புகுந்து இரும்புக் கம்பியை அரிக்கின்றது. துருப்பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கின்றது. முதல் 10 நாட்கள் ஊற்றாத நீரின் விலையைப் பல ஆண்டுகளுக்குப் பின் கூரைத்தளம் பெயர்ந்து விழும்போது குடியிருப்போர் கொடுக்க நேரிடுகின்றது. தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள நெருக்கமான குடியிருப்புகளில் சிறு வீடு கட்டுவோர் முதலில் குறைப்பது இந்நீரையே. இதற்குக் கடல்நீரைப் பயன்படுத்துதல் கூடாது என்பதனையும் களப்பணியாளர் எடுத்துரைத்தல் வேண்டும்.

ரப்பரும் பிசினும்

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் தொழில்நுட்பத் துறையாக 1933இல் தொடங்கப்பட்ட நிறுவனம் 1943இல் மாதுங்காவுக்கு இடம்பெயர்ந்தது. 2008இல் தனிப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சாயம், பூச்சு, பலபடிப்பொருள் முதலிய துறைகளில் அது புகழ் பெற்றது. இத்துறைகளில் ‘க்யூர்’ என்பது மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குதலாகும்.

இயற்கை ரப்பர் வெப்பத்தில் ஒட்டும், குளிரில் விறைக்கும். சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் 1839இல் ரப்பருடன் கந்தகம் கலந்து சூடாக்கினால் இக்குறை நீங்குதலைக் கண்டார். கந்தக அணுக்கள் ரப்பர்ச் சங்கிலிகளைப் பாலமிட்டு இணைக்கின்றன. உரோமரின் நெருப்புத் தெய்வமாகிய வல்கன் பெயரால் இம்முறை ‘வல்கனைசிங்’ எனப்பட்டது. தொழிலாளர் வழக்கில் அதுவே ‘க்யூரிங்’. சாலையோரத்தில் சக்கரக் குழாய்க்கு ஒட்டுப்போடுபவர் சூடான அச்சில் அழுத்தி வைக்கும் சில நிமிடங்களில் நிகழ்வதும் இதுவே.

வீட்டில் பயன்படும் இருகுழாய்ப் பசையும் இத்தகையது. ஒன்றில் பிசின், மற்றொன்றில் கெட்டிப்பான். இரண்டும் கலந்தவுடன் பிணைப்புத் தொடங்கும். இங்கு ‘உலர்தல்’ வேறு, ‘க்யூர்’ ஆதல் வேறு. கரைப்பான் ஆவியானவுடன் பூச்சு விரலில் ஒட்டாது, அது உலர்ந்தது. பிணைப்புகள் முற்றுப்பெற்ற பின்னரே அது உரிய வலிமையை அடையும். தொட்டுப்பார்த்து ஒட்டவில்லை எனக் கண்டவுடன் நீர்த்தொட்டியின் உட்பூச்சில் நீர் நிரப்பினால் பூச்சும் கெடும்; முற்றாத பிசினின் கூறுகள் நீரிலும் கலக்கும்.

மருத்துவத்தில் ‘குணம்’ என்பது யாது?

இறுதியாக, எல்லோர்க்கும் தெரிந்ததெனக் கருதப்படும் பொருளை நோக்குதல் வேண்டும். அதுவே மிகவும் கவனத்துடன் கையாள வேண்டியது.

1890இல் மாநகராட்சி ஆணையராயிருந்த ஆக்வர்த் என்பவரின் முயற்சியால் மாதுங்காவில் வீடற்ற தொழுநோயாளருக்கென ஓர் இல்லம் திறக்கப்பட்டது. வடாலாவிலுள்ள ஆக்வர்த் நகராட்சித் தொழுநோய் மருத்துவமனை அதன் வழிவந்ததே. இல்லம் தொடங்கிய காலத்தில் தொழுநோயைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. ‘க்யூர்’ என்னும் சொல்லின் பழம்பொருளாகிய பேணுதல் ஒன்றே இயல்வதாயிருந்தது. 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. ஒரே மருந்தை நெடுங்காலம் கொடுத்ததில் கிருமிகள் அதனை எதிர்க்கும் ஆற்றல் பெற்றன. 1981இல் உலக சுகாதார நிறுவனம் டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் ஆகியவற்றைக் கூட்டிக் கொடுக்கும் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. கிருமி குறைந்த வகைக்கு 6 மாதமும் மிகுந்த வகைக்கு 12 மாதமும் போதும் என்னும் நிலை பின்னர் ஏற்பட்டது. சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை ஒழிகின்றது.

மருந்து முடிந்தவுடன் நோயாளி ‘க்யூர்’ ஆனவர் எனப் பதிவேட்டில் எழுதப்படுகின்றார். அப்பதிவு சரியானதே, கிருமி ஒழிந்தது. ஆனால் சிகிச்சைக்கு முன்னரே நரம்பு அழிந்திருந்தால் கையிலும் காலிலும் உணர்ச்சி திரும்புவதில்லை. மடங்கிய விரல் தானே நிமிர்வதில்லை. நோயாளியும் அண்டை வீட்டாரும் குணம் என்பதனை முன்போலாதல் எனக் கொள்கின்றனர். மடங்கிய விரலைக் கண்டு நோய் தீரவில்லை என்று அஞ்சுகின்றனர், வேலை மறுக்கப்படுகின்றது, வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. மறுபுறத்தில், குணமாகிவிட்டது என்னும் சொல்லை நம்பி, உணர்ச்சியற்ற காலைப் பேணாது விடுபவர்க்குப் புண் ஏற்பட்டு விரல்கள் இழக்கப்படுகின்றன. வேலூரிலும் கரிகிரியிலும் பணியாற்றிய பால் பிராண்ட் என்னும் மருத்துவர், விரல்கள் நோயால் தாமே உதிர்வதில்லை என்பதனையும், வலி உணரப்படாத உறுப்பில் மீண்டும் மீண்டும் ஏற்படும் காயமே அவற்றை அழிக்கின்றது என்பதனையும் நிலைநாட்டினார்.

சட்டமும் இச்சொல்லை எண்ணிப் பார்க்க நேர்ந்தது. தொழுநோயாளரைப் பிரித்து வைக்க இயற்றப்பட்ட 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயினின்று குணமடைந்தும் உணர்ச்சி இழப்போ உறுப்புக் குறைபாடோ எஞ்சியவரைத் தனி வகையினராக ஏற்றுக்கொண்டது. 2019இல் தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணமாகக் காட்டும் விதிகள் திருமணச் சட்டங்களினின்று நீக்கப்பட்டன. குணமடைந்தவர், எனினும் உதவிக்குரியவர் என்னும் கருத்து இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது.

தாராவி போன்ற நெருக்கமான பகுதிகளில் காசநோய்ப் பணி புரிவோர்க்கும் இச்சொல் தொல்லை தருவதே. ‘க்யூர் ஆனவர்’ என்பதும் ‘சிகிச்சை முடித்தவர்’ என்பதும் பதிவேட்டில் வெவ்வேறு தலைப்புகள். முன்னதற்கு இறுதியில் கிருமி இல்லை என்னும் ஆய்வுச் சான்று வேண்டும். மருந்து முழுவதும் உட்கொண்டது மட்டும் போதாது. நோயாளியோ இரண்டு மாதத்தில் இருமல் நின்றவுடன் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துகின்றார். எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வகையாகப் பெருகுதற்கு அதுவே வழி. இருமல் நிற்றல், சிகிச்சை முடிதல், கிருமி ஒழிதல் ஆகிய மூன்றையும் தமிழில் ‘குணமாதல்’ என்னும் ஒரே சொல்லால் கூறுதல், நோயாளியின் கையில் தவறான அளவுகோலைக் கொடுப்பதாகும்.

தமிழில் சொல்லும் வழி

ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் உள்ள இடத்தில் தமிழில் பொருளுக்கொரு சொல் உள்ளது. இது குறையன்று, பெரும் வசதி. நோய்க்குக் குணப்படுத்துதல், புண்ணுக்கும் கிழங்கின் காயத்திற்கும் ஆற்றுதல், தோலுக்கும் மீனுக்கும் உப்பிடுதல், வெங்காயத்திற்கு உலர்த்துதல், மஞ்சளுக்கு அவித்து உலர்த்துதல், காங்கிரீட்டிற்கு ஈரங்காத்தல், ரப்பருக்கும் பிசினுக்கும் இறுக்குதல் என்று கூறினால் கேட்பவர்க்குச் செயலே விளங்கிவிடும். பதனிடுதல் என்பதனைத் தோலின் இறுதி மாற்றத்திற்கு மட்டும் வழங்குதல் நன்று.

‘பதப்படுத்துதல்’ என்னும் சொல் எல்லாவற்றிற்கும் பொருந்துவது போலத் தோன்றும். பதம் என்பது உரிய நிலை. சோற்றுக்கு ஒரு பதம், பாகுக்கு ஒரு பதம் என்பதனைச் சமையல் செய்வோர் அறிவர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியும் உண்டு. ஆனால் எப்பொருளுக்கு எப்பதம் என்று கூறாதவரை அச்சொல் வழிகாட்டுவதில்லை. பொதுச் சொல்லை முன்னுரையில் வழங்கலாம். செய்முறையில் வழங்குதல் கூடாது. அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொற்களை வகுக்க மத்திய அரசு 1961இல் நிலையான ஆணையம் ஒன்றை நிறுவியது. எனினும் ஆணையங்கள் வகுக்கும் பட்டியல் எதுவாயினும், ஒரு சொல் இன்ன இடத்தில் இன்ன செயலைக் குறிக்கிறது என்று பார்க்கும் பொறுப்பு அதனைக் கையாள்பவரிடமே உள்ளது.

பள்ளி ஆசிரியர் இதனை ஓர் எளிய பாடமாக நடத்தலாம். மும்பையில் தமிழ்வழி பயின்று பின்னர் ஆங்கிலவழிக்கு மாறும் மாணவர்க்கு இது பெரிதும் பயன்படும். ‘க்யூர்’ என்னும் சொல் வரும் ஐந்து வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் நீர் சேர்க்கப்படுகிறதா, அகற்றப்படுகிறதா, காக்கப்படுகிறதா என்று கேட்டல் ஒன்றே போதும். உப்பிட்ட தோலில் அகற்றப்படுகிறது, காங்கிரீட்டில் காக்கப்படுகிறது, ரப்பரில் நீருக்கு இடமே இல்லை. விடை தேடும் மாணவர் சொல்லுடன் இரசாயனத்தையும் கற்றுக்கொள்வர். வீட்டில் தோல் வேலையோ கொத்து வேலையோ செய்யும் பெற்றோர் உள்ள பிள்ளைகள் அவ்வகுப்பில் பிறர்க்கு விளக்கம் கூறத்தக்க நிலையில் இருப்பர் என்பதும் கருதத்தக்கது.

உணர்ச்சியற்ற பாதங்களைக் காக்க அணிவிக்கப்படும் காலணியின் உட்பகுதி, நுண்ணறைகள் நிறைந்த மென்மையான ரப்பரால் ஆனது. அது அச்சில் இட்டு ‘க்யூர்’ செய்யப்பட்டது. அதன் வார்கள் தோலாயின், அத்தோலும் ஒரு காலத்தில் கிடங்கில் உப்பிட்டு ‘க்யூர்’ செய்யப்பட்டதே. அதனை அணிபவரும் பதிவேட்டில் ‘க்யூர்’ ஆனவர். மூன்றிடத்திலும் சொல் ஒன்று, பொருள் மூன்று. ரப்பருக்கும் தோலுக்கும் அச்செயல் ஒருமுறை முடிந்தால் போதும். மனிதருக்கு அது போதாது. நாள்தோறும் காலை நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, காயம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு முதற்பொருளாயிருந்த பேணுதல் என்பது அங்கு இன்னும் முடிவுறாத பணியாகவே இருக்கின்றது. களப்பணியாளர் நோயாளியிடம் ‘குணமாகிவிட்டது’ என்று கூறும்போது, எது குணமாயிற்று, எதனை இனியும் பேணவேண்டும் என்னும் இரண்டையும் சேர்த்துக் கூறுவாராயின், அச்சொல் தன் முழுப் பொருளையும் பெறும்.